சித்திரை வெயிலும் நெற்பூவும்

நெற்பயிரின் வாழ்நாளில் வெப்பத்துக்கு மிகவும் அஞ்ச வேண்டிய கட்டம், பூக்கும் நாட்கள்தான். நாற்றும் தூரும் தாங்கிக்கொள்ளும் வெயிலைப் பூ தாங்குவதில்லை. பூத்த வேளையில் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு மணி நேரம் நீடித்தாலே கதிரில் மணி பிடிக்காத சாவி கூடிவிடும். மதுரைச் சமவெளியில் சித்திரை மாதப் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. எனவே கோடை நெல்லுக்கு இது ஆண்டுதோறும் உள்ள ஆபத்து.

கதிர் வெளிவந்ததும் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பூக்கள் மலர்கின்றன. ஒவ்வொரு பூவும் ஒரே ஒரு முறை, பெரும்பாலும் முற்பகலில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் திறந்திருந்து மூடிக்கொள்கிறது. உமியின் இரு பாதிகளும் விலக, ஆறு மகரந்தப்பைகள் வெளியே நீளும். உள்ளிருக்கும் மகரந்தத்தூள் ஈரம் உறிஞ்சிப் பருத்து, பையைப் பிளந்துகொண்டு சூல்முடியில் உதிர வேண்டும். கடும் வெப்பத்தில் தூள் சரிவரப் பருப்பதில்லை; பையும் சரியாகப் பிளப்பதில்லை. உதிர்கிற கொஞ்சமும் நன்றாக முளைவிடாது. ஆனால் பூ திறந்து ஒரு மணி நேரம் கடந்து, கருவுறுதல் முடிந்துவிட்டால், அதன்பின் ஏறும் வெயில் அந்த மணியைப் பெரிதாகக் கெடுப்பதில்லை.

எல்லாமே நெல்தான் என்றாலும், வெப்பத்தைத் தாங்குவதில் ரகத்துக்கு ரகம் உள்ள இடைவெளி வியப்பூட்டுகிறது. 38 டிகிரியில் பூக்கவைத்த ஓர் ஆய்வில், மேற்கு ஆப்பிரிக்காவின் மொரோபெரெகான் ரகத்தில் 18 விழுக்காடு பூக்களே மணி பிடித்தன. ஐ.ஆர். 64 ரகத்தில் 48 விழுக்காடு. உத்தரப் பிரதேசத்தின் நாகினா 22 ரகத்திலோ 71 விழுக்காடு! அதே வெப்பத்திலும் நாகினாவின் மகரந்தம் செயல்படுகிறது. வெயில் ஏறும் முன்பே பூத்து, அதைத் தாங்காமலே தப்பிக்கும் வழியும் உண்டு. காட்டுநெல் ஒன்றின் மரபுப்பகுதியை ஐ.ஆர். 64-க்குள் சேர்த்தபோது, அது ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னதாகவே பூத்தது.

இரவு வெப்பமும் சும்மா விடுவதில்லை. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், வறண்ட பருவத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடும்போது விளைச்சல் சுமார் 10 விழுக்காடு குறைந்ததாக 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மதுரையில் விதைக்கும் நாள் ரகத்தைப் போலவே முக்கியம். பூத்ததிலிருந்து அறுவடைக்கு எந்த ரகமானாலும் ஏறக்குறைய 30 நாள். வயது வேறுபாடு எல்லாம் பூக்கும் முன்னேதான். ஆகவே 110 நாள் ரகம் விதைத்த 80-ஆம் நாளில் பூக்கும். மாசி முற்பாதியில் விதைத்தால் பூ அக்னி நட்சத்திரத்தில் விழும். பெரியாறு–வைகைப் பாசனத்தில் புரட்டாசியில் விதைக்கும் நெல்லோ மார்கழிக் குளிரில் பூக்கிறது. கோடைப் பயிருக்குப் பூக்கும் அந்த ஒரு வாரமாவது வயலில் நீர் நிற்க வேண்டும். வேரில் நீர் இருந்தால்தான் கதிர் நீராவியை விட்டுத் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆனால் கண்மாயும் கிணறும் வற்றுவதும் அதே வாரங்களில்தான்.

பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அண்ணா 4 நெல் ரகம் வறட்சியைத் தாங்குவதற்குப் பெயர் பெற்றது. ஆனால் வறட்சியைத் தாங்குவதாலேயே ஒரு ரகம் பூக்கும் நேரத்து வெப்பத்தையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நீர்ப் பற்றாக்குறையைச் சமாளிக்கும் வேர் வேறு, சூட்டில் பிளக்கும் மகரந்தப்பை வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்தே ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.