பேச்சுவழக்கில் அசைச்சொற்கள்

மொழி கருத்தை உணர்த்துதற்குரிய கருவி என்பது யாவரும் ஒப்புக்கொண்ட உண்மை. அங்ஙனமாயின், கருத்தொன்றையும் உணர்த்தாதனபோலத் தோன்றும் சொற்கள் மக்கள் நாவில் நாள்தோறும் பயில்வதற்குக் காரணம் யாது? ‘அது வந்து’, ‘இந்த’, ‘அதாவது’, ‘பாருங்கள்’, ‘எப்படிச் சொல்வது’ என்பன போன்றவை உரையாடலின் இடையிடையே வருகின்றன. இவற்றை நீக்கிவிடினும் வாக்கியத்தின் பொருள் குன்றுவதில்லை. ஆயினும் இவையின்றி நிகழும் உரையாடலைக் கேட்பது அரிது. கற்றோர், கல்லாதோர் என்னும் வேறுபாடு இதன்கண் இல்லை.

இத்தகைய சொற்களை முதன்முதல் ஆராய்ந்தவர் மேனாட்டார் என எண்ணுதல் பொருந்தாது. இடைச்சொற்களின் வகைகளைக் கூறும் தொல்காப்பியர், அவற்றுள் அசைநிலை, இசைநிறை என்பவற்றையும் வைத்தார். முன்னிலையில் நிற்போரை நோக்கி வரும் மியா, இக, மோ, மதி, இகும், சின் என்னும் ஆறனை முன்னிலை அசையென வேறு பிரித்தார். ‘ஆங்க’ என்பதற்கு அவர் இட்ட பெயர் உரையசை என்பதாகும். பொருளில்லாச் சொல் எனத் தள்ளாது, அதற்கும் இலக்கணத்தில் ஓர் இடம் வகுத்தமை ஈண்டு உளங்கொள்ளத்தக்கது. செய்யுளில் வரும் அசைநிலையும் பேச்சில் வரும் அசைச்சொல்லும் முற்றும் ஒன்றல்ல. எனினும் முன்னிலை அசை கேட்போனைச் சார்ந்து நிற்றல்போல, ‘பாருங்கள்’, ‘கேளுங்கள்’ என்பனவும் ஏவற்பொருள் இழந்து, கேட்போனைப் பேச்சோடு பிணிக்கும் தொழிலையே செய்கின்றன.

‘வந்து’ என்பது இதற்குச் சிறந்த சான்று. வருதல் என்னும் தொழிலை உணர்த்தும் வினையெச்சமாகிய அது, ‘அவர் வந்து நேற்றுப் போய்விட்டார்’ என்னுமிடத்து அப்பொருளை முற்றும் துறந்து நிற்றலும் உண்டு. சொல்லின் பொருள் தேய்ந்தாலும் அதன் பயன் தேய்வதில்லை. அப்பயனை மூவகையாக நோக்கலாம்.

முதலாவது, சிந்தித்தற்குக் காலம் பெறுதல். எழுதுவோன் சொல்லைத் தேடுங்கால் பேனாவை நிறுத்தி வைக்கலாம். அவன் நிறுத்தியதைப் படிப்போர் அறியார். பேசுவோனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, ஒருவர் வினவி முடித்ததற்கும் மற்றவர் விடையிறுக்கத் தொடங்குதற்கும் உள்ள இடைவெளி சராசரியாக விநாடியில் ஐந்திலொரு பங்கேயெனக் காட்டிற்று. ஒரு பொருளின் படத்தைக் கண்டு அதன் பெயரைச் சொல்லுதற்கோ விநாடியில் பாதிக்கு மேற்பட்ட காலம் வேண்டும். ஆகவே நாவுக்கு வழங்கப்பட்ட காலம் நினைவுக்குப் போதாது. அக்குறையை அசைச்சொல் நிரப்புகின்றது.

இரண்டாவது, பேசும் முறையைக் காத்துக்கொள்ளுதல். இடையில் வாளா இருப்பின், பேச்சு முடிந்ததென்று கருதி மற்றவர் தொடங்கிவிடுவர். ‘அது வந்து’ என்னும் ஒலி, ‘இன்னும் உளது, சற்றுப் பொறுத்திருங்கள்’ என்னும் வேண்டுகோளாகும்.

மூன்றாவது, கேட்போனை ஆயத்தப்படுத்துதல். ஆங்கிலத்தில் வழங்கும் ‘அ’, ‘அம்’ என்னும் தயக்க ஒலிகளை ஆராய்ந்த ஹேர்பேட் கிளார்க், ஜீன் பொக்ஸ் ட்ரீ என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், முன்னது சிறு தாமதத்தையும் பின்னது நெடுந் தாமதத்தையும் அறிவிக்கும் சொற்களே என்று 2002இல் எழுதினர். பேசுவோர் தயங்கும் ஒலியைக் கேட்டவுடன், இரண்டு வயதுக் குழந்தைகளும் பழகிய பொருளை விடுத்துப் பெயரறியாப் புதுப்பொருளை நோக்குகின்றனர் என்பது 2011இல் ரொச்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தார் கண்ட முடிபு. இவற்றோடு, மறுப்பையும் துயரச் செய்தியையும் மெல்லச் சொல்லுதற்கும் அசைச்சொல் உதவுகின்றது. கடன் கேட்டு வந்தவரிடம் ‘இல்லை’ என்று ஒரே சொல்லிற் கூறாது, ‘இப்போது வந்து... பாருங்கள்...’ என்று தொடங்குவதில் ஒரு நாகரிகம் அமைந்திருக்கின்றது.

கண்டி மாநகரம் இவ்வியல்பை ஆராய்தற்கு ஏற்ற இடம். வாவிக்கு அணித்தான சந்தையில் ஒரு நாழிகை நிற்போர் பலவகை அசைச்சொற்களைக் கேட்கலாம். யாழ்ப்பாணத்தார் ‘என்னெண்டால்’ என்று தொடங்குவர்; புசல்லாவை, அந்தானைத் தோட்டங்களிலிருந்து வருவோர் ‘என்னான்னா’ என்பர். சிங்கள மக்கள் ‘மே’ என்று தயங்கி, ‘இத்தின்’ என்று தொடர்வர். ‘மே’ என்பதன் பொருள் ‘இந்த’ என்பது. தமிழர் தயங்குமிடத்து ‘இந்த’ என்று நீட்டுவதும் அதனை ஒத்ததே. குடும்பத்தால் வேறுபட்ட இரு மொழிகள் ஒரே தேவைக்கு ஒரே வகைச் சொல்லைத் தெரிந்துகொண்டமை வியத்தற்குரியது. சிங்களத்தை நன்கு பேசும் தமிழ் வணிகரும் தயங்குமிடத்து ‘வந்து’ என்றே தம்மையறியாது கூறிவிடுதல் உண்டு. பிறமொழியை முயன்று கற்கலாம். தயக்கமோ பெரும்பாலும் தாய்மொழியிலேயே நிகழ்கின்றது.

இவ்வுண்மையை ஆசிரியர் உலகம் சிறப்பாக உணர்தல் வேண்டும். தோட்டப் பாடசாலையொன்றிலிருந்து நகரத்துக்கு வந்த மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். மழை மிகுந்தால் கொழுந்து எவ்வாறு மாறுபடும் என்பதைத் தாயின் கூடையருகே நின்று கற்றவன் அவன். வகுப்பில் அதனைச் சொல்ல எழுந்து, ‘அது வந்து... என்னான்னா...’ என்று தொடங்குகின்றான். ‘வந்து, வந்து என்கிறாயே, யார் வந்தது?’ என்று ஆசிரியர் வினவ, வகுப்பு நகைக்கின்றது. அவன் அமர்ந்துவிடுகின்றான். மறுமுறை விடை தெரிந்திருந்தும் எழுவதில்லை. திருத்தப்பட்டது ஒரு சொல். இழக்கப்பட்டது ஒரு மாணவனின் குரல். அவன் தயங்கியது அறியாமையால் அன்று. வீட்டிற் கற்ற பொருளை ஏட்டுத் தமிழிற் பெயர்த்துச் சொல்ல முயன்றமையாலேயாம்.

இதனால் அசைச்சொல்லை மிகுதியாகப் பெய்து பேசுதல் சிறப்பென்பது கருத்தன்று. மிகைபடக் கூறலை நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாக வைத்தார். மேடைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் செல்லும் மாணவர், சொல்லவேண்டியதை முன்னரே ஒழுங்குபடுத்திப் பழகுதல் வேண்டும். பொருள் தெளிவாயின் தயக்கம் குறையும். தேவைப்படுமிடத்துச் சிறிது நேரம் மௌனமாய் நிற்றற்கும் அஞ்சலாகாது. ஆயின் இப்பயிற்சி ஊக்கத்தினால் வருவது, ஏளனத்தினால் வருவதன்று. ஏளனத்துக்கு அஞ்சும் மாணவன் தன் நாவைக் காப்பதிலேயே கருத்தைச் செலுத்துவானாதலின், அவன் தயக்கம் பின்னும் பெருகும்.

எனவே, அசைச்சொல் வெற்றுச்சொல் அன்று. நினைவு நாவை அணுகும் வழியில் இடப்பட்ட சிறு படிக்கட்டு அது. ஏறுவோன் சற்று நின்றால், கீழிருந்து நகையாது காத்திருத்தலே கேட்போர் கடன். அவன் கொண்டுவரும் பொருள் அந்தக் காத்திருப்புக்குத் தகுதியுடையதாக இருத்தல் கூடும்.