எரிமலை இல்லாத ஊரில் வெந்நீர்

கன்னியா வெந்நீரூற்றில் நீராடிவிட்டு, ஈரத்துணி காயுமுன்னே, இந்தப் பூமிக்கு அடியில் எரிமலை ஒன்று உறங்கிக்கொண்டிருக்கிறது என்று தம் பிள்ளைகளுக்கு வியாக்கியானம் செய்யும் பெரியவர்களைத் திருகோணமலைப் பக்கத்தில் எந்நாளும் காணலாம். சுடுநீர் உள்ள இடத்தில் அக்கினியும் இருந்தே தீரவேண்டும் என்பது நம் தார்க்கிகர்களும் ஒப்பக்கூடிய அநுமானந்தான். ஆனால் இலங்கையில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. இந்தக் கன்னியாவுக்கும் எரிமலைக்கும் எவ்விதச் சம்பந்தமும் கிடையாது.

எரிமலையேதான் காணவேண்டும் என்பவர் வங்கக் கடலின் மறுகரையை நாடவேண்டும். பூமியின் மேலோட்டுத் தகடு ஒன்று இன்னொன்றின் கீழ்ப் புகுந்து இறங்கும் அந்த நெடிய விளிம்பில்தான் சுமாத்திராவின் மலைகளும், அந்தமானைச் சேர்ந்த பாரன் தீவும் புகைகின்றன. 1787 இல் முதன்முதலாகப் பதிவான பாரன் தீவின் சீற்றம், நெடுங்கால மௌனத்துக்குப் பின் 1991 இல் மறுபடி மூண்டது. கப்பலிலிருந்து பார்க்கலாமேயன்றி அங்கே இறங்க அநுமதி இல்லை. சுமாத்திராவில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் மேடான் நகரத்தவருக்கு அந்தத் தடையில்லை. காலையில் புறப்பட்டுச் சிபாயாக் மலையேறி, கந்தகப் புகை கக்கும் வாய்களைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அந்த விளிம்பு நமக்கும் முற்றிலும் அந்நியமன்று. 2004 டிசம்பர் 26 ஆம் தேதி அது அசைந்தபோது எழுந்த ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையையும் வாரிக்கொண்டு போயிற்று.

நமக்கு வாய்த்தது தகட்டின் நடுவே நெடுங்காலமாக அசைவற்றுக் கிடக்கும் முதிய நிலம். அதன் முதுமையை அறியத் திருகோணமலை நகரத்துக் கோணேசர் மலையே போதும். பிரெடரிக் கோட்டை வாசலினூடே, சாலையில் கூச்சமின்றி உலாவும் புள்ளிமான்களை விலக்கிக்கொண்டு ஏறினால், கடலிலிருந்து 300 அடிக்கு மேல் செங்குத்தாக நிமிரும் அந்தக் குன்றின் உச்சியை அடையச் சிறுபொழுதே ஆகும். மணலாய்ப் படிந்தது கல்லாய் இறுகி, பின் பூகர்ப்பத்தின் உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய படிகப்பாறை அது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆறிப்போனது. மலைமேல் இருந்த, சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இடிபாடுகள் சில கடலடியில் கிடப்பதை 1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் மூழ்கிக் கண்டனர். பாறை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டைக் காட்டி, அவன் மலையையே பெயர்க்க முயன்ற கதையை இன்றும் சொல்கிறார்கள்.

அதே இராவணன்தான் கன்னியாவுக்கும் காரணகர்த்தா. தாயார் இறந்த செய்தி கேட்டு அந்திமக் கிரியைக்கு நீர் வேண்டி அவன் பூமியை ஊன்றிக் குத்திய ஏழு இடங்களில் ஏழு ஊற்றுகள் பீறிட்டன என்பது ஐதிகம். ஆகவே இறந்தோருக்கான கிரியைகளை இங்கே செய்வோரும், ஆடி அமாவாசையன்று வந்து கூடுவோரும் உளர். அண்மைக் காலத்தில் இந்த இடத்தின் உரிமை பற்றிய பிணக்கும் எழுந்தது. அது வேறு கதை.

நகரிலிருந்து அநுராதபுர வீதியில் சில கிலோமீற்றர் சென்று திரும்பினால், சதுரமாகக் கல் கட்டிய சிறு கிணறுகள் ஏழு அருகருகே இருக்கும். உள்ளே இறங்குவதில்லை, வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதே வழக்கம். தெளிந்த நீரின் அடியிலிருந்து சிறு குமிழிகள் ஒவ்வொன்றாய் மேலெழுந்து உடைகின்றன. "இது காணாது அப்பு, அங்கால இருக்கிறதுதான் நல்ல சூடு" என்று பேரனை அடுத்த கிணற்றுக்கு அழைத்துப் போகும் பாட்டிமாரின் குரல் எப்போதும் கேட்கும். அவர்கள் சொல்வது மெய். இரண்டடி தள்ளியிருக்கும் கிணறுகளுக்கிடையே சூடு வேறுபடுகிறது. ஆனால் மிகச் சூடானதும் 42 பாகை செல்சியசை ஒட்டியதே. குளிக்கலாம், முட்டை அவிக்க முடியாது.

இந்தச் சூட்டை ஈந்தது மழையும் ஆழமுந்தான். வானிலிருந்து விழுந்த நீர் பாறை வெடிப்புகளின் வழியே கீழே கீழே இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் பூமியின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை கூடுவதால், போதிய ஆழம் சென்ற நீர் தானே சூடேறி, பிறிதொரு வெடிப்பின் வழியே விரைந்து மேலெழுகிறது. எழும்போது மேல்மட்டத்துக் குளிர்ந்த நிலத்தடி நீர் ஒரு கிணற்றில் மிகுதியாகவும், மற்றொன்றில் குறைவாகவும் கலந்துவிடுகிறது. இலங்கையின் பழம்பாறைத் தொகுதிகள் இரண்டு சந்திக்கும் எல்லையை ஒட்டியே இத்தகைய ஊற்றுகள், கன்னியாவிலிருந்து மகாஓயா வழியே தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கத்து மகாபெலெச வரை, ஒரு வரிசைபோல அமைந்திருக்கின்றன. எரிமலையைவிட இதுவே எனக்கு அதிக ஆச்சரியம்.

வெந்நீர் ஸ்நானத்துக்குப் பின் பசி உக்கிரமாகிவிடும். வீதியோரத்தில் அவித்த சோளமும் வறுத்த கச்சானும் கிடைக்குமாயினும், அவற்றால் வயிற்றை நிரப்பிக்கொள்வது அவிவேகம். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் கீழ்க்கடல் அடங்கியிருக்கும். கரைவலையில் மீன் மலியும் காலம் அது. நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் அறக்குளாத் துண்டைப் பழப்புளியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, வறுத்த தூளிட்டுக் காய்ச்சிய குழம்பு கிடைக்கும். இரவானால் பிட்டு: தேங்காய்ப்பூவோடு குழலில் அவிந்து உதிரும் அரிசிமாவின்மேல் மஞ்சள் நிறச் சொதியை ஊற்றி, கூனிச் சம்பலை ஓரத்தில் வைத்துக்கொண்டு உண்ணுவதற்கு ஈடான ஆகாரம் இந்தக் கரையில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். மட்டக்களப்பார் ஒப்பமாட்டார்கள்.

கடைசியாகக் கிண்ணியாவின் எருமைத் தயிர். 2009 இல் பாலம் திறக்கப்படும்வரை மிதவைப் பாதைக்குக் காத்துக் கிடந்து கடந்த, நகருக்கும் கிண்ணியாவுக்கும் இடைப்பட்ட கடல்வாயை இப்போது சில நிமிடங்களில் தாண்டிவிடலாம். மண்சட்டியில் உறைந்த தயிரின்மேல் மஞ்சள் பாய்ந்த ஏடு தடித்துக் கிடக்கும். அகப்பையால் வெட்டி எடுத்தால் வெட்டிய முகம் குலையாமல் நிற்கும். அதன்மேல் கித்துள் பாணியை ஊற்றிக்கொள்ளவேண்டும். சட்டியோடு ஊருக்குக் கொண்டுபோக விரும்புவோர், பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.