கம்பெனி பிறக்கும் முன்பே வந்த காசோலை! தெரியுமா?

"ஐடியா இருக்கு, பணம்தான் இல்லை!" தொழில் தொடங்கும் எல்லோரும் பாடும் பல்லவி இது. இன்று கோடிகளில் புரளும் கம்பெனிகளும் ஒரு காலத்தில் இதையே பாடியவைதாம். அவற்றுக்கு முதல் பணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால்… அடேங்கப்பா!

இல்லாத கம்பெனிக்கு 1 லட்சம் டாலர்!

1998 ஆகஸ்ட். லாரி பேஜும் செர்கே பிரினும் தங்கள் தேடுபொறியை முதலீட்டாளர் ஆண்டி பெக்டோல்ஷைமிடம் காட்டினார்கள். அவர் அங்கேயே 1 லட்சம் டாலருக்குக் காசோலை எழுதி நீட்டிவிட்டார். பெறுபவர் பெயர்: 'கூகுள் இன்க்.' ஆனால் அப்படி ஒரு கம்பெனியே அப்போது பதிவாகவில்லை! பதிவு செய்து வங்கிக் கணக்கு திறக்கும்வரை அந்தக் காசோலை டிராயரிலேயே கிடந்தது. இன்னொரு சேதி: கூகுளின் ஆரம்பகால முதலீட்டாளர்களில் ஒருவரான ராம் ஸ்ரீராம் சென்னையில் பிறந்து லயோலா கல்லூரியில் படித்தவர்!

கோட்டை விட்டதற்கும் ஒரு பட்டியல்!

கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் மூன்றிலும் முதலீடு செய்யும் வாய்ப்பைக் கைநழுவ விட்ட நிறுவனம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பெஸ்ஸமர் வென்ச்சர் பார்ட்னர்ஸ். அதை மூடி மறைக்கிறார்களா? ஊஹூம்! தவறவிட்ட கம்பெனிகளின் பட்டியலைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டு, தங்களைத் தாங்களே கிண்டலும் செய்துகொள்கிறார்கள்!

சீரியல் பெட்டி விற்றுப் பிழைத்த கம்பெனி!

2008. வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் தளமான ஏர்பிஎன்பியை ஆரம்பித்தவர்கள் கடனில் தத்தளித்தார்கள். முதலீட்டாளர்களோ கையை விரித்துவிட்டார்கள். அமெரிக்கத் தேர்தல் நேரம் வேறு. அதிபர் வேட்பாளர்கள் ஒபாமா, மெக்கெய்ன் பெயர்களில் காலை உணவு சீரியல் பெட்டிகளைத் தயாரித்து, ஒன்று 40 டாலருக்கு விற்றார்கள். வந்தது ஏறத்தாழ 30,000 டாலர்! இந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்து அசந்துபோன, புதிய கம்பெனிகளை வளர்த்துவிடும் 'ஒய் காம்பினேட்டர்' நிறுவனம், 2009-ல் அவர்களைச் சேர்த்துக்கொண்டு 20,000 டாலர் கொடுத்தது.

80 ரூபாய்… 10,000 ரூபாய்…

1959-ல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். முதல் நாள் தேறியது 4 பாக்கெட். அதுதான் 'லிஜ்ஜத்'! இன்று ஆண்டு விற்பனை ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்.

1981-ல் இன்ஃபோசிஸுக்கு விதை போட்டது நாராயண மூர்த்தியின் மனைவி சுதா மூர்த்தி சேமித்து வைத்திருந்த 10,000 ரூபாய். 1993-ல் அதே கம்பெனி 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது போதிய விண்ணப்பங்களே வரவில்லை என்றால் நம்புவீர்களா? அமெரிக்க முதலீட்டு வங்கியான மோர்கன் ஸ்டான்லி கைகொடுத்துத்தான் கரை சேர்ந்தது.

25 ரூபாய் இருந்தால் கப்பல் முதலாளி!

பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டும் 'கிரவுட் ஃபண்டிங்' நேற்று வந்த சங்கதி என்கிறீர்களா? 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியில் ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள், 10 லட்சம் ரூபாய் மூலதனம்! கப்பல் விடும் கனவில் சாமானியர்களும் பங்காளி ஆக முடிந்தது.

அடுத்த ஆண்டே இன்னொரு அதிசயம். டாடாவின் இரும்பு ஆலைக்கு லண்டனில் பணம் புரளவில்லை. பம்பாயில் பங்குகளை வெளியிட்டார்கள். மூன்றே வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் 16 லட்சம் பவுண்டுக்கும் மேல் கொட்டிவிட்டார்கள்!

முதலீட்டுக்கே வருமான வரி!

நியாய மதிப்பைவிட அதிக விலைக்குப் பங்கு விற்றுத் திரட்டிய முதலீட்டில், அந்த அதிகப்படியை வருமானமாகக் கருதி வரி கேட்டது இந்தியச் சட்டம். 2012-ல் வந்த இந்த 'ஏஞ்சல் டாக்ஸ்', புதிய கம்பெனிகளைப் படாதபாடு படுத்தியது. 2024 ஜூலை பட்ஜெட்டில்தான் அதற்கு விடை கொடுத்தார்கள்.

முதலீடு வாங்காமலே வளர்ந்த கம்பெனி!

உச்சகட்ட ஆச்சரியம் நம் பக்கத்திலேயே இருக்கிறது! 1996-ல் தொடங்கிய ஜோஹோ, முதலீட்டு நிறுவனங்கள் தரும் 'வென்ச்சர் கேபிடல்' பக்கமே போகாமல் உலகக் கம்பெனியாக வளர்ந்தது. ஸ்ரீதர் வேம்பு குழுவினர் நம்பியது சாஃப்ட்வேரை வாங்கிய வாடிக்கையாளர்களின் பணத்தை. வாடிக்கையாளர் என்ற அந்த முதலீட்டாளர் வட்டியும் கேட்பதில்லை, பங்கும் கேட்பதில்லை!