இருட்டில் ஒளிரும் உலோகச் சாயம்

வெங்காயத் தோலில் அயோடின் சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்திருப்பீர்கள். சாயம் இல்லாவிட்டால் உயிரணுவின் பகுதிகள் சரியாகத் தெரியாது. ஆனால், அயோடின் பல இடங்களில் பரவிப் படிகிறது. டி.என்.ஏ.வை மட்டும் காட்ட வேண்டுமானால் என்ன செய்வது?

ஜொகூர் மாணவர்களுக்குக் கோத்தா திங்கி மின்மினிகள் தெரிந்திருக்கும். அவை பளிச்சென்று தெரியக் காரணம், சுற்றிலும் உள்ள இருட்டு. நல்ல சாயமும் அப்படித்தான்: தேவையான இடத்தில் ஒளிர வேண்டும், மற்ற இடங்களில் அணைந்திருக்க வேண்டும். மின்மினி தானே ஒளியை உண்டாக்கும். சாயத்துக்கோ நாம்தான் ஒளி பாய்ச்ச வேண்டும்.

அத்தகைய சாயம் ஒன்றை 1990-இல் ஜாக்குலின் பார்ட்டன் உள்ளிட்ட அறிவியலாளர்கள் அறிவித்தனர். அது ருத்தேனியம் என்ற உலோகத்தின் அணைவுச் சேர்மம். நடுவில் ஓர் உலோக அயனி. அதை நண்டு கவ்வுவதுபோல் பிடித்திருக்கும் மூன்று கரிம மூலக்கூறுகள். அவற்றில் ஒன்று நீண்டு, தட்டையாக இருக்கும்.

நீரில் இச்சேர்மம் ஒளிராது. தட்டைப் பகுதியிலுள்ள நைட்ரஜன் அணுக்களோடு நீர் மூலக்கூறுகள் பிணைந்து, ஒளியாக வெளிவர வேண்டிய ஆற்றலை வெப்பமாக்கிவிடும். டி.என்.ஏ.வை முறுக்கிய ஏணியாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் படிகளுக்கிடையே தட்டைப் பகுதி செருகிக்கொண்டதும் நீர் நெருங்க முடியாது. உடனே செம்மஞ்சள் ஒளி! பாய்ச்சுவது நீல ஒளி, திரும்புவது செம்மஞ்சள். ஆகவே வடிகட்டி வைத்து இரண்டையும் எளிதில் பிரிக்கலாம்.

ஒரு சிக்கல் இருந்தது. அச்சேர்மம் உயிருள்ள அணுக்களின் சவ்வைத் தாண்டி எளிதில் உள்ளே போகவில்லை. 2009-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகக் குழு, இரண்டு ருத்தேனிய அயனிகள் கொண்ட சேர்மத்தால் உயிருள்ள அணுக்களின் டி.என்.ஏ.வையே படம்பிடித்துக் காட்டியது.

டி.என்.ஏ.வில் செருகும் பொருள் அதன் வேலையைத் தடுக்கவும் கூடும். சாயத்துக்கு அது குறை. புற்றுநோய் ஆய்வுக்கோ அதுவே வாய்ப்பு. செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரிட்டன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, ருத்தேனியச் சேர்மம் ஒன்றை ஓலாபரிப் என்ற மருந்தோடு மார்பகப் புற்றுநோய் அணுக்களில் சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டனர். இரண்டும் சேர்ந்தபோது பாதிப்பு கூடியது. இது ஆய்வுக்கூட அளவிலான முடிவுதான். மருந்தாவதற்கு இன்னும் பல சோதனைகளைத் தாண்ட வேண்டும்.

வேதியியலில் படிக்கும் உலோக அயனியும் உயிரியலில் படிக்கும் டி.என்.ஏ.வும் சந்திக்கும் இடம் இது. இரண்டையும் தனித்தனிப் பாடமாக நினைக்காதீர்கள்.