அலையாத்திக் காட்டின் கூட்டுவாழ்வு

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு பரந்து கிடக்கிறது. நாள்தோறும் இருமுறை கடல்நீர் ஏறி வற்றும் நிலம் அது. நீரில் உப்பு மிகுதி. சேற்றிலோ உயிர்வளி அரிது. பிற மரங்கள் பட்டுப்போகும் அவ்விடத்தில் சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் தழைத்து நிற்கின்றன. உயிரினங்களிடையே உள்ள உறவு என்றதும் உண்பதும் உண்ணப்படுவதுமே நம் நினைவுக்கு வரும். உறவு அவ்வளவில் முடிவதில்லை. ஓர் உயிர் மற்றோர் உயிர்க்கு நிற்க நிலமும் மூச்சுவிட வளியும் ஆக்கித் தருகிறது. இவ்வுண்மையைக் கண்ணெதிரே காட்டும் இடம் அலையாத்திக் காடு.

உயிரினங்களையும், அவை வாழும் மண், நீர், காற்று ஆகியவற்றையும் பிரிக்காமல் ஒரே தொகுதியாகக் காண வேண்டும் என்று 1935ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பயிரியல் அறிஞர் ஆர்தர் டான்சிலி எடுத்துரைத்தார். அத்தொகுதியையே சூழல் மண்டலம் என்கிறோம்.

அலையாத்திக் காட்டையும் அவ்வாறே ஒரு தொகுதியாக நோக்குவோம். முதலில் மரங்களைக் காண்போம். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் மேல்நோக்கி நிமிர்கின்றன. நீர் வற்றும் பொழுதில் அவற்றின் நுண்துளைகள் வழியே காற்று புகுந்து, புதைந்துள்ள வேர்களைச் சென்றடைகிறது. சுரபுன்னை உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். வெண்கண்டலோ உட்புகுந்த உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றும். வெயில் ஏறியபின் அதன் இலையைத் தடவிப் பார்த்தால் உப்புத் துகள் கையில் ஒட்டும். வேர்களின் பின்னல் அலையின் விசையைத் தணிக்க, நீரில் மிதந்து வரும் வண்டல் அங்கேயே படிகிறது. மரம் தான் நிற்கும் நிலத்தைத் தானே உயர்த்திக்கொள்கிறது.

இம்மரங்களின் இலைகள் தடித்தவை, துவர்ப்பு மிக்கவை. பெரும்பாலான உயிர்கள் அவற்றைப் பச்சையாக உண்பதில்லை. உதிர்ந்த இலையைப் பூசணங்களும் நுண்ணுயிர்களும் பற்றிக்கொள்கின்றன. இலை மட்க மட்க, அதன்மேல் பெருகும் நுண்ணுயிர்களால் புரதச் செறிவு கூடுகிறது. உண்ணத் தகாத இலை, இறாலும் மடவையும் நத்தையும் நாடும் உணவுத் துகளாகிறது. அவற்றைக் கொடுவா உண்ணும்; மீன்களை நாரையும் கொக்கும் மீனவரின் வலையும் கொள்ளும். கழிமுக மீன்வளத்தின் அடித்தளம் உதிர்ந்த இலையே என்பதை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் எரிக் ஹீல்டும் வில்லியம் ஓடமும் ஆய்ந்து நிறுவினர்.

இக்கூட்டுவாழ்வில் நண்டின் பங்கு தனிச்சிறப்பு உடையது. நீர் வற்றியதும் வளைகளிலிருந்து சிறு நண்டுகள் வெளிவருகின்றன. உதிர்ந்த இலையைக் கொடுக்கால் பற்றி இழுத்து வளைக்குள் கொண்டுசெல்கின்றன. கடலோடு போய்விடக்கூடிய தழைச்சத்து இவ்வாறு காட்டிலேயே தங்குகிறது. அதனினும் பெரிய தொண்டு வளை தோண்டுதல். உயிர்வளி அற்ற சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், கடல்நீரில் உள்ள கந்தக உப்புகளைச் சிதைக்கும்போது வேரைத் தாக்கும் நச்சுப்பொருள் பிறக்கிறது. அழுகிய முட்டையின் நாற்றம் அதனால் எழுவதே. நண்டு வளைகள் வழியே நீரும் காற்றும் உட்புகுந்து அந்நச்சைக் குறைக்கின்றன. ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் ஆய்வாளர்கள் சில நிலப்பகுதிகளிலிருந்து நண்டுகளை அகற்றி ஆய்ந்து, 1991இல் முடிவுகளை வெளியிட்டனர். நண்டு இல்லாத சேற்றில் கந்தக நச்சு மிகுந்தது. மரங்களின் வளர்ச்சியும் நாற்று ஈனும் திறனும் குன்றின. மரம் நண்டுக்கு உணவு தருகிறது; நண்டு மரத்தின் வேருக்கு மூச்சுத் தருகிறது.

இவ்வுறவுகள் அறுந்தால் என்னாகும் என்பதற்குப் பிச்சாவரமே சான்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் தொட்டுப் பல பத்தாண்டுகள், காட்டைப் பகுதி பகுதியாக முற்றாக வெட்டும் முறை அங்கு நடைமுறையில் இருந்தது. வெட்டிய இடத்தில் காடு தானே முளைத்துவிடும் என்று எண்ணினர். முளைக்கவில்லை. நிழல் நீங்கியதால் வெயில் நேரே விழுந்து சேறு உலர்ந்தது. உலர்ந்த நிலம் அமிழ்ந்து பள்ளமானது. உட்புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு மேன்மேலும் செறிந்தது. அலையாத்தி விதைக்கும் ஒவ்வாத உவர்நிலம் எஞ்சியது.

1990களில் மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்து இந்நோய்க்கு மருந்து கண்டனர். பள்ளங்களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டிக் கடல்நீர் ஏறவும் வடியவும் வழிசெய்தனர். உப்பு தணிந்தது; நட்ட நாற்றுகள் வேரூன்றின. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, கடலூர் மாவட்டத்தில் மரத்திரளுக்குப் பின்னே இருந்த ஊர்கள் குறைந்த சேதமே கண்டன என்று 2005இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு கூறுகிறது. 2022இல் பிச்சாவரம், ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

காட்டை மீட்பது என்பது நாற்று நடுவதோடு முடியும் பணி அன்று. நீர் வரும் வழி, மண்ணின் நலம், நண்டு, நுண்ணுயிர் ஆகிய அனைத்தும் மீண்டாலன்றி மரம் நிலைக்காது. கொள்ளிடத்து நன்னீரும் கடலின் ஏற்றவற்றமும் தடையின்றி அக்காட்டை அடையச் செய்வோம். எஞ்சிய பணியை அங்கு வாழும் உயிர்கள் தாமே செய்துகொள்ளும்.