பார்த்தெனானைப் பிளந்த இரும்பு

ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸ் குன்றின் மேல் நிற்கும் பார்த்தெனான் கோயிலுக்கு இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த சேதத்தில் கணிசமான பகுதி, அதைக் காப்பாற்ற வந்தவர்களால் நேர்ந்தது. கி.மு. 447இல் அதைக் கட்டத் தொடங்கிய கிரேக்கர்கள் சாந்தே இல்லாமல் பளிங்குக் கற்களை அடுக்கி, இரும்புக் கவ்விகளால் இணைத்தார்கள். கவ்வியைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈரம் இரும்பை எட்டவில்லை. 1687இல் வெனிஸ் படை வீசிய குண்டு, உள்ளே துருக்கியர் வைத்திருந்த வெடிமருந்தில் விழுந்து கோயிலின் நடுப்பகுதியைச் சிதறடித்தது. 1894இல் நிலநடுக்கமும் வந்தது. அதன்பின் பொறியாளர் நிக்கொலாஸ் பலானோஸ் பல ஆண்டுகள் உழைத்து, விழுந்து கிடந்த தூண்களை நிமிர்த்தினார். அவரும் இரும்பைத்தான் பயன்படுத்தினார், ஈயக் காப்பு இல்லாமல். இரும்பு துருவேறிப் பருத்தது. கல் உள்ளிருந்தே பிளந்தது. இரும்பைப் பதிக்கப் பழைய கற்களை வெட்டியதும், பல கற்களை உரிய இடம் மாற்றி வைத்ததும் அந்தப் பணியின் மற்ற குறைகள்.

இதை ஒரு மனிதரின் கவனக்குறைவாகக் கருதினால் விஷயம் நழுவிவிடும். பலானோஸ் தன் காலத்தின் கொள்கைப்படியே நடந்தார். பழங்கட்டடத்தை என்ன செய்வது என்ற விவாதம் அதற்கு முன்பே ஐரோப்பாவில் சூடாக நடந்திருந்தது. பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயத்தைப் புதுப்பித்த வியோலே-லெ-துக், ஒரு கட்டடம் எந்தக் காலத்திலும் பெற்றிராத முழுமையைக்கூட அதற்குத் தரலாம் என்றார். இங்கிலாந்தின் ஜான் ரஸ்கின் 1849இலேயே, மீட்டமைப்பு என்பது அழிவுதான் என்று எழுதிவிட்டார். அவர் வழிவந்த வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய சங்கம், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதானால் அது முட்டு என்று பார்ப்பவருக்குத் தெரியட்டும் என்றது. ஆனால் 1931இல் ஏதென்ஸில் கூடிய வல்லுநர்கள் வேறு திசையில் போனார்கள். கான்கிரீட் உள்ளிட்ட நவீனப் பொருள்களைப் பயன்படுத்தலாம், முடிந்தவரை அவற்றை உள்ளே மறைத்துவிடலாம் என்று பரிந்துரைத்தார்கள். பலானோஸின் வேலையை நேரில் பார்த்து ஒப்புதலும் அளித்தார்கள். அன்றைய மிகச் சிறந்த அறிவே அங்கே தவறியது. ஆகவே, பாதுகாப்புப் பணி செய்பவர் தன் அறிவும் ஒருநாள் தவறாகலாம் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, பின்னால் வருபவர் கழற்றித் திருத்தும்படி வேலை செய்ய வேண்டும். இந்தத் துறையின் மற்ற விதிகளைவிட இதுவே முதன்மையானது என்பது என் வாதம்.

இப்படிப் பயந்தால் எதையுமே பழுதுபார்க்க முடியாதே என்பார்கள். அப்படியில்லை. 1975இல் அமைக்கப்பட்ட அக்ரோபொலிஸ் பாதுகாப்புக் குழுவின் வழிகாட்டலில், பலானோஸ் நிமிர்த்திய பகுதிகளையே மறுபடி பிரித்து, கற்களை ஆராய்ந்து, அவற்றுக்குரிய இடங்களைத் தேடிக் கண்டுபிடித்து எழுப்பினார்கள். துரு ஏறாத டைட்டானியத்தால் கவ்விகள் செய்தார்கள். நிலம் அதிர்ந்தால் பளிங்கு உடைவதற்கு முன் கவ்வி வளைந்து கொடுக்க வேண்டும் என்று அவற்றின் வலுவைக் கணக்கிட்டார்கள். பழங்கல்லைக் காப்பாற்றப் புதிய பொருள் பலியாகட்டும் என்ற இந்த முடிவு பெரும் மரியாதைக்குரியது. புதிதாகச் சேர்த்த பளிங்கு வெளுப்பாகத் தனித்துத் தெரிகிறது. சேர்த்த பகுதி அடையாளம் காணும்படி இருக்க வேண்டும் என்கிறது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம்.

இதைவிட வலுவான மறுப்பு ஜப்பானிலிருந்து வருகிறது. இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புது மரத்தில் முற்றிலும் புதிதாகக் கட்டுகிறார்கள். பழைய பொருளே உண்மை என்றால் இசே போலியாகிவிடும். ஒவ்வொரு பண்பாட்டின் நம்பகத்தன்மையையும் அதனதன் அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்று 1994இல் நாரா ஆவணம் சொன்னது, அது சரியே. ஆனாலும் இசே என் வாதத்தை முறிக்கவில்லை. அங்கே தச்சர்களின் கைத்திறன் தலைமுறை தாண்டி வருகிறது, அடுத்த முறை திருத்திக்கொள்ள வாய்ப்பும் இருக்கிறது. பார்த்தெனானில் அறுந்துபோனது அந்தத் தொடர்ச்சிதான். ஈயம் பூசிய பழங்கவ்விகள் கண்ணெதிரே இருந்தும், அவை சொன்ன பாடத்தை யாரும் கேட்கவில்லை.

டைட்டானியமும் நாளை ஏமாற்றினால்? ஏமாற்றலாம். எந்தக் கல்லில் எந்த இடத்தில் எதைப் பொருத்தினோம் என்பதற்கு வரைபடங்களும் படங்களும் பதிவுகளும் இம்முறை இருக்கின்றன. பலானோஸுக்குப் பின் வந்தவர்கள் எந்தக் கல் எங்கே இருந்தது என்று தேடுவதிலேயே ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. இனி வருபவர்களுக்கு அந்த உழைப்பு மிச்சம்.