நோயாளிக்கு அருகில் – 9: ஒரே நோயாளி, நான்கு மாணவர்கள்

அறுவை அரங்கில் வாசிக்கப்படும் சரிபார்ப்புப் பட்டியலைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். கத்தியை எடுக்கும் முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தம் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு வரி. இதற்கெல்லாமா பட்டியல் என்று சிலருக்குத் தோன்றும். இங்கிலாந்தில் 2005 மார்ச் 29 அன்று நடந்ததைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

எலைன் ப்ராமிலிக்கு வயது 37. இரண்டு குழந்தைகளின் தாய். சைனஸ் அறுவைக்காக மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. குழாயைச் செருக முடியவில்லை, முகமூடி வழியாகவும் காற்று போகவில்லை. அனுபவம் மிகுந்த மருத்துவர்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். இருபது நிமிடத்துக்கும் மேலாக, வாய் வழியாகவே குழாயை இறக்கத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். அந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி ஏற்படுத்துவது. செவிலியர் ஒருவர் அதற்கான கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொல்லவும் செய்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு செவிலியர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்து படுக்கை கேட்டார். மருத்துவர்களின் முகத்தைப் பார்த்ததும், அவசரப்பட்டுவிட்டோமோ என்று எண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எலைன் 13 நாள் கழித்து இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் ப்ராமிலி விமானி. விமான விபத்து நடந்தால் விசாரிப்பதைப் போல இதையும் விசாரிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். யாரையும் தண்டிப்பது அவர் நோக்கமாக இல்லை. விசாரணையில் தெரியவந்தது இதுதான்: என்ன செய்ய வேண்டும் என்பது செவிலியர்களுக்குத் தெரிந்திருந்தது. பெரிய டாக்டர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. மருத்துவப் பணியில் மனிதக் காரணிகளை ஆராய 2007-இல் மார்ட்டின் ஓர் அமைப்பையே தொடங்கினார். எலைனின் கதை இன்று பல நாடுகளில் மருத்துவ, செவிலியர் மாணவர்களுக்குப் பாடம்.

நெருக்கடியான அந்த நிமிடத்தில் வாய் திறக்கும் துணிவு திடீரென்று வந்துவிடாது. காது கொடுக்கும் பழக்கமும் அப்படித்தான். இரண்டையும் மாணவப் பருவத்திலேயே, ஒரே நோயாளியின் படுக்கைக்கு அருகில் நின்று பழக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது நடக்கக்கூடியதுதான் என்று சுவீடனில் ஓர் ஊர் செய்து காட்டியிருக்கிறது.

லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 1986-இல் சுகாதார அறிவியல் புலம் தொடங்கியபோதே, மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி என எந்தப் படிப்புக்கு வந்தவர்களும் அதன் தொடக்கத்தைச் சேர்ந்தே படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1996-இல், அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையின் எலும்பியல் பிரிவில் ஒரு வார்டை மாணவர்களிடமே கொடுத்தார்கள். மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி, செயல்முறை மருத்துவம் (ஆக்குபேஷனல் தெரபி) ஆகிய நான்கு படிப்புகளின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் ஒரு குழுவாகி, சுமார் இரண்டு வாரம் அந்த வார்டை நடத்துவார்கள். ஒவ்வொரு துறையிலும் ஒரு மேற்பார்வையாளர் உண்டு. அவர் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் பொறுத்திருக்க வேண்டும். நோயாளிக்கு ஆபத்து என்றால்தான் குறுக்கிடலாம். ஸ்டாக்ஹோம், லண்டன் போன்ற நகரங்களிலும் பிறகு இத்தகைய வார்டுகள் வந்தன.

எலும்பியல் பிரிவைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. எண்பது வயதுப் பாட்டி ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அறுவை முடிந்துவிட்டது. கேஸ் ஷீட்டில் மருத்துவ மாணவர், ‘நாளை எழுப்பி நடக்க வைக்கவும்’ என்று ஒரே வரி எழுதுகிறார். மறுநாள் பிசியோதெரபி மாணவி வந்து எழுப்பப் பார்த்தால், வலியில் பாட்டி காலைக்கூட அசைக்கவில்லை. வலி மாத்திரை அப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. அரை மணி நேரமாவது முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு வழியாக எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறது. வழக்கமான ரத்த அழுத்த மாத்திரையை இப்போதும் அதே அளவில் கொடுக்கலாமா என்று யோசிக்க வேண்டியவர் மருத்துவ மாணவர். இரவெல்லாம் பாட்டி இறந்துபோன தன் தங்கையோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர் செவிலியர் மாணவி. அது வயதால் வரும் குழப்பம் என்று ஒதுக்கக்கூடியதா, அறுவைக்குப் பின் வரும் சித்தக் குழப்பமா? அவர் சொல்லாவிட்டால் ரவுண்ட்ஸில் யாருக்கும் தெரியப்போவதில்லை. செயல்முறை மருத்துவ மாணவரோ வேறொன்று கேட்கிறார்: வீட்டில் கழிப்பறைப் பீடம் எவ்வளவு உயரம்? செயற்கை மூட்டு வைத்த இடுப்பைச் சில வாரங்களுக்கு அதிகம் மடக்கக் கூடாது. பீடம் தாழ்வாக இருந்தால் மூட்டு நழுவிவிடலாம். ‘டிஸ்சார்ஜ்’ என்று எழுதுவதற்கு முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தாக வேண்டும்.

அந்த வார்டில் மருத்துவ மாணவரும் நோயாளியைத் துடைத்துவிடுவார், படுக்கை விரிப்பார், சாப்பிட உதவுவார். டாக்டராகப் போகிறவர் இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும் என்ற முணுமுணுப்பு இத்தகைய வார்டுகளில் எழாமல் இல்லை. ஆனால் பாட்டியின் குதிகாலில் தோல் சிவக்கத் தொடங்கியிருப்பது உடம்பைத் துடைக்கிறவர் கண்ணில்தான் படும். படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் அது. ஒரு தடவை தானே கண்டுபிடித்தவர், பிறகு ஒரு செவிலியர் அதைச் சொல்லும்போது அலட்சியப்படுத்த மாட்டார்.

வெறுமனே ஒரே வகுப்பறையில் உட்கார வைப்பதால் இந்த மதிப்பு வராது. மனிதக் கூட்டங்களுக்கு இடையிலான வெறுப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதைச் சொல்லிவிட்டார். பழகினால் மட்டும் தப்பெண்ணம் போகாது; சம நிலையில் பழக வேண்டும், பொது இலக்கு வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். நூறு பேருக்குச் சேர்த்து நடத்தும் உடற்கூறியல் சொற்பொழிவில் இந்த நான்கில் ஒன்றாவது இருக்குமா? ஆனால் கூட்டுக் கல்வி என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது அதுதான்.

பேசுவதற்கும் ஒரு முறை வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, கைசர் பெர்மனன்ட்டே என்ற மருத்துவ நிறுவனத்தின் வழியாக மருத்துவமனைகளுக்கு வந்தது ‘எஸ்பார்’. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, நான் வேண்டுவது என்று நான்கு படி. முதல் இரண்டையும் எந்த சிஸ்டரும் டியூட்டி டாக்டரிடம் போனில் சொல்லிவிடுவார். ‘உள்ளே ரத்தம் கசிகிறது என்று நினைக்கிறேன், நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்’ என்று முடிப்பதுதான் கடினம். அதை செவிலியர் மாணவிகள் மருத்துவ மாணவர்களிடமே சொல்லிப் பழக வேண்டும். எலைனின் அறையில் இல்லாமல் போனது இந்தக் கடைசி வாக்கியம்தான்.

இப்படிச் சேர்ந்து படிப்பதால் நோயாளிகள் உண்மையில் பிழைக்கிறார்களா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, கூட்டுக் கல்வி பற்றி 2013-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் தேறியவை 15 ஆய்வுகள். ஏழில் நல்ல பலன், நான்கில் கலவையான பலன், நான்கில் எந்த மாற்றமும் இல்லை. பொதுவான முடிவுக்கு வர இது போதாது என்று அந்தத் தொகுப்பே சொல்கிறது. ஆனாலும் தனித்தனியாகப் படித்துவிட்டு வந்தவர்கள் வேலைக்குச் சேர்ந்த அன்று முதல் தானாக ஒரு குழுவாகிவிடுவார்கள் என்பதற்கு எங்கே சான்று இருக்கிறது?

2019-இல் நடைமுறைக்கு வந்த நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், மருத்துவப் பட்டதாரி சுகாதாரக் குழுவுக்குத் தலைவராகவும் உறுப்பினராகவும் இருக்கத் தெரிந்தவராக வேண்டும் என்கிறது. தலைமை தாங்கிப் பழக வாய்ப்புக்குக் குறைவில்லை. உறுப்பினராக இருந்து பழக எந்த வார்டில் வாய்ப்பு? ஹவுஸ் சர்ஜனாக நைட் டியூட்டி பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும், ரத்தக்குழாயில் வென்ஃப்ளான் ஊசி போடக் கற்றுக்கொடுத்த சீனியர் சிஸ்டரைப் பற்றிச் சொல்வார். அந்தக் கடனுக்கு எந்த மதிப்பெண் பட்டியலிலும் இடம் இல்லை.

தமிழ்நாட்டில் மருத்துவம், செவிலியம், மருந்தியல், பிசியோதெரபி எல்லாம் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்ற ஒரே குடையின் கீழ்தான் இருக்கின்றன. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமும் செவிலியமும் மருந்தியலும் சேர்ந்தே இருக்கின்றன. நோயாளிகளுக்கோ பஞ்சமே இல்லை. ஓர் எலும்பு முறிவு வார்டு, அதில் ஒரு மூலையில் சில கட்டில்கள், பொறுமையுள்ள மேற்பார்வையாளர்கள் நான்கு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். டீனும் செவிலியர் கல்லூரி முதல்வரும் முதலில் செய்ய வேண்டியது, இரு தரப்புத் தேர்வு அட்டவணையையும் அருகருகே வைத்து, எல்லோருக்கும் ஒத்துவரும் இரண்டு வாரத்தைக் கண்டுபிடிப்பது.

(தொடரும்)